ஒழுகுகிற காரை விற்கமாட்டேன்

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. நான் சுகமாக இல்லை, ஆனால் அதைக் கேட்டு அங்கே யாரும் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் சுகத்தையும், கண் ஆபரேஷன் செய்துகொண்ட உங்கள் மனைவி அக்காவின் சுகத்தையும், மூன்று வாரமாக உங்கள் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும் என் மனைவியின் சுகத்தையும் தனித்தனியாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் 'கார்' என்று சொன்ன உடனே நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். கைக்கு வந்த காகிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை விற்கமாட்டேன். "அந்தக் கார் வீட்டை விட்டுப் போனாத்தான் நான் வீட்டுக்கு வருவேன்னு சொல்றா மாப்பிள்ளை, யோசிச்சு முடிவெடுங்க" என்று போன வாரம் சொன்னீர்கள். யோசித்தேன். நின்று யோசித்தேன், படுத்து யோசித்தேன், காருக்குள் உட்கார்ந்தும் யோசித்தேன். மூன்று நிலையிலும் ஒரே பதில்தான் வந்தது. நீங்கள் தலைகீழாக நின்றாலும், உங்கள் பழைய நிலையத்து வண்டி அத்தனையையும் மணி அடித்துக்கொண்டு என் வாசலுக்கு அனுப்பினாலும், அந்த மஞ்சள் கார் என் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

இந்த வயதில் இவனுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு நடப்பது எனக்குத் தெரியும். என் தொழில் உங்களுக்குத் தெரியாததில்லை. ஒழுகுகிற மொட்டைமாடிகளை அடைக்கிற காண்ட்ராக்டர் நான். நீங்கள் தண்ணீரைப் பீய்ச்சிச் சம்பாதித்தவர், நான் தண்ணீரைத் தடுத்துச் சம்பாதித்தவன். அதனால்தானோ என்னவோ நமக்குள் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் இருந்தது ஒரே ஒரு வேன். முன் சீட்டில் நான், ஜன்னல் ஓரத்தில் அவள், நடுவில் தார் டிரம். பின்னால் வைத்தால் உருளும் என்பதால் நடுவில். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் டிரம், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டிரம். பிள்ளை பிறந்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோதும் டிரம்மின் மேல் ஒரு துண்டை விரித்துத்தான் பால் புட்டியை வைத்தாள். ஒரு நாளாவது முகம் சுளித்தாளா என்றால் இல்லை. ஆனால் நான் ஏதாவது பேசினால் டிரம்மைச் சுற்றி எட்டிப் பார்த்துத்தான் "என்னங்க சொன்னீங்க" என்று கேட்பாள். தொழிலை மூட்டை கட்டியதும் வேனை விற்றேன். ஒரு பல் டாக்டர் தன் பழைய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தால் உள்ளே இரண்டே சீட்டு, பின் சீட்டே கிடையாது. ஒரு டிரம் வேண்டாம், ஒரு டப்பா வைக்கக்கூட இடமில்லை. அங்கேயே கைகொடுத்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "வேகமாப் போகும்" என்றுதான் சொன்னேன். உங்களிடம் சொல்லிவைக்கிறேன், அவளிடம் சொல்ல வேண்டாம்.

வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. அவளும் ஏறினாள், உட்கார்ந்தாள், "ரொம்பப் பள்ளமா இருக்கு, ரோட்டுலயே உக்காந்த மாதிரி இருக்கு" என்று சொன்னாலும் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டாள். முதல் மழையில்தான் ஆரம்பித்தது.

"என்னங்க, என் மடியில தண்ணி சொட்டுது."

"ஏசியா இருக்கும்."

"ஏசி தலைக்கு மேலயா இருக்கு?"

தலைக்கு மேலே, அந்தக் காரின் கூரையில், வானம் பார்ப்பதற்கென்று ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. சொட்டு அதன் ஓரத்திலிருந்து வந்தது. மச்சான், என் நிலையை யோசித்துப் பாருங்கள். எத்தனை மாடி அடைத்திருப்பேன், எத்தனை பேர் வீட்டுக் கட்டிலை நனையாமல் காப்பாற்றியிருப்பேன். என் மனைவியின் தலையில் என் கூரையே ஒழுகுகிறது. வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? மாடி ஒழுகினால் நாங்கள் செய்கிற முதல் வேலை, தண்ணீரைக் கட்டிப் பார்ப்பது. வெளியே போகும் குழாயையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, மாடி நிறையத் தண்ணீரை நிறுத்திவைப்போம். கீழே எங்கே ஈரம் தெரிகிறதோ அங்கே வேலை. அதையேதான் காருக்கும் செய்தேன். முக்காலி போட்டு ஏறி, அந்தக் கண்ணாடியைத் திறந்து, அதைச் சுற்றி ஓடுகிற சின்ன வாய்க்காலில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். நிற்கவே இல்லை, எங்கேயோ போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் நாலு மூலையிலும் நாலு ஓட்டை. பல்லில் கடுகளவு ஓட்டை தெரிந்தால் விடாத டாக்டர், தலைக்கு மேல் நாலு ஓட்டையோடு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். நாலையும் நம்முடைய பழைய தார்க் கலவையால் அடைத்தேன். அதற்குப் பிறகு கை சும்மா இருக்குமா? கதவுகளின் அடி ஓரத்தில் ஓட்டை. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில் ஓட்டை. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் சல்லடை மாதிரி ஓட்டை. ஒன்றையும் விடவில்லை. மாடி வேலையை முடித்தால் மூலையில் தேதி போட்டு 'பத்து வருஷ கியாரண்டி' என்று எழுதுவது என் வழக்கம். டிக்கிக்குள் அதையும் எழுதிவைத்தேன்.

அடுத்த மழையில் சொட்டவில்லை. கொட்டியது.

அதோடு போயிருந்தால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். கார் பேச ஆரம்பித்துவிட்டது. வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஆடுகிறது. பிரேக்கை மிதித்தால் பாட்டுப் பெட்டி சத்தமாகிறது. வாசலில் தன் பாட்டுக்கு நிற்கிற கார், மேகம் கறுத்தால் தானாக ஹாரன் அடிக்கிறது. எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் வந்து, "சார், உங்க ஹாரன் கேட்டா பசங்க கிளாஸ் முடிஞ்சுதுன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடறாங்க" என்று முறையிட்டார். மழை வருமென்று முன்கூட்டியே சொல்கிற கார் வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் திரும்பிப் போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஃபியூஸ் அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் தெருமுனையில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவர். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஒரு ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பல நேரம் அதோடு வீட்டுக்கும் போய்விடுவார், அதனால் வந்த பெயர். அவர் இடது பக்கச் சீட்டைக் கழற்றி, தரை விரிப்பைத் தூக்கினார். அடியில் குளம். குளத்துக்கு நடுவில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"இதான் சார் வண்டியோட மூளை. ஜன்னல், லைட்டு, ஹாரன், பூட்டு எல்லாம் இதுதான் சொல்லும்."

"மூளையை யாராவது சீட்டுக்கு அடியில வைப்பாங்களா?"

"அதை வச்சவன்கிட்ட கேளுங்க. தண்ணி போற வழியை எல்லாம் தார் வச்சு அடைச்சது யாரு?"

"அது ஓட்டை."

"ஓட்டை இல்ல சார். மேல கொஞ்சம் தண்ணி உள்ள வரத்தான் செய்யும். வந்தது அந்தக் குழாய் வழியா இறங்கிக் கீழ போயிடும். அப்படித்தான் செஞ்சிருக்கான். மொதல்ல இலை தழை அடைச்சு ஒழுகியிருக்கும், கம்பி விட்டுக் குத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப வர்ற தண்ணி வெளிய போக வழியே இல்ல. எல்லாத்தையும் திறந்துவிட்டாத்தான் வண்டி பொழைக்கும்."

மச்சான், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தண்ணீரை உள்ளே விட்டு, உபசரித்து, வெளியே வழியனுப்பி வைப்பதற்குப் பெயர் வேலையா? நான் அப்படி ஒரு மாடியைக் கட்டிக்கொடுத்து, "உள்ளே கொஞ்சம் வரும் அம்மா, ஆனால் போய்விடும்" என்று சொல்லியிருந்தால் என்னை உயிரோடு விட்டிருப்பார்களா? அந்த ஓட்டைகளைத் திறக்கவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஃபியூஸும் கூடவே போய்விட்டது.

பெட்டியை நானே காயவைத்தேன். வெயிலில் வைத்தேன், மழை வந்தது. தலை உலர்த்தும் மெஷினைப் பிடித்தேன், மெஷின் போய்விட்டது. போன் நனைந்தால் அரிசிக்குள் போடுகிறார்களே என்று அரிசி டிரம்மில் புதைத்துவைத்தேன். மறுநாள் காலை அவள் அரிசி அளந்தபோது படியோடு வந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. என் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, "இதையும் சேத்து உலையில போட்டுடவா?" என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பெட்டி காய்ந்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இப்போது உங்கள் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அக்காவைப் பார்க்க உங்கள் வீட்டுக்குக் கிளம்பினோம். நீங்கள் எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். வானம் சுத்தமாக இருந்தது. பாதி வழியில் மழை. கூரையிலிருந்து தண்ணீர் இறங்கியது, அவள் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டாள். அவள் பக்கத்து ஜன்னல் தானாக இறங்கியது, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்புறம் அவள் உட்கார்ந்திருந்த சீட்டு மெதுவாக முன்னால் நகர ஆரம்பித்தது. யாரும் எதையும் தொடவில்லை. முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிற வரைக்கும் நகர்ந்து, அங்கே நின்றது.

"என்னங்க, நிறுத்துங்க."

நிறுத்தினேன். அது பஸ் நிறுத்தம் என்று நான் பார்க்கவில்லை. "சீக்கிரம் இறங்கு, பெட்டி நனையுது" என்றேன். அவளை நெளிந்து வெளியே வரச்செய்து, ரோட்டோரம் நிற்கவைத்து, சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். பெட்டிக்குத் தண்ணீர் ஏற இன்னும் ஒரு விரற்கடைதான். துடைக்கத் துணி வேண்டும். கையைப் பின்னால் நீட்டினேன், ஒரு துணி அகப்பட்டது, துடைத்தேன். அது அவள் புடவைத் தலைப்பு. தெரிந்து செய்ததல்ல, தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நீங்கள் எரிகிற வீட்டுக்குள் போகும்போது வாசலில் நிற்பவரின் புடவையைப் பற்றியா யோசிப்பீர்கள்? துடைத்துக்கொண்டே இருந்தபோது கையிலிருந்த துணி இழுபட்டுப் போனது. நிமிர்ந்தேன். ஒரு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கடைசி ஜன்னலில் அவள், நேராகப் பார்த்தபடி. பஸ் உங்கள் பக்கம் போகிற பஸ் என்பதைக்கூட அவள் பார்த்து ஏறியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். வந்ததில் ஏறிவிட்டாள்.

"தொப்பலா நனைஞ்சு வந்து நிக்கிறா என் தங்கச்சி" என்று போனில் கத்தினீர்கள். நனைந்தேன் என்று நானும் சொல்லலாம். யார் கேட்கிறார்கள்?

நடந்தது இவ்வளவுதான். இதற்காகக் காரை விற்க வேண்டுமென்றால், ஒழுகுகிற வீட்டையெல்லாம் விற்கவேண்டியதுதான், எங்கள் தொழிலே இருந்திருக்காது. ஒழுகினால் அடைக்க வேண்டும். அதைவிட்டுக் கிளம்பிப் போய் அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொள்வது தீர்வா? நான் ஒன்றும் இங்கே உருகிப்போய்விடவில்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். உப்பு அதிகமாகிறது, அது உப்பின் கோளாறு. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எதையாவது தேடினால் "அங்கதான் இருக்கு, கண்ணைத் திறந்து பாருங்க" என்று சொல்ல ஆளில்லாததால் எதுவும் கிடைப்பதில்லை. கார் மட்டும்தான் பேசுகிறது. ஈரம் இறங்கியதால் இடது பக்கச் சீட்டில் ஆள் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் தனியாகத்தான் போவேன். "பக்கத்தில் இருப்பவர் சீட் பெல்ட் அணியவும்" என்று ஒரு அம்மாள் குரல் விடாமல் சொல்லும். ஃபியூஸ் அண்ணன் அந்த ஒயரைப் பிடுங்கிவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலி சீட்டுக்கு நானே பெல்ட்டை மாட்டிவிட்டு ஓட்டுகிறேன். எனக்கு அவள் இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது மச்சான். ஆனால் கஷ்டம் வேறு, தோற்றுப்போவது வேறு.

இந்த மூன்று வாரத்தில் மூன்று பூச்சு அடித்திருக்கிறேன். கூரைக் கண்ணாடி இனி திறக்காது, ஓரம் முழுக்க அடைத்தாயிற்று. பெட்டியைச் சுற்றிப் பாலிதீன், அதன் மேல் தார். இப்போது அந்தக் காரைக் கொண்டுபோய் ஏரியில் இறக்கினாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. ஆகவே என் முடிவான பதிலைக் கேளுங்கள். ஒன்று, கார் இருக்கும். இரண்டு, கூப்பிட நான் வரமாட்டேன்; போனவளுக்குத் திரும்பி வர வழி தெரியும், பஸ்ஸும் ஓடுகிறது. மூன்று, வந்தால் அந்த இடது பக்கச் சீட்டில்தான் உட்கார வேண்டும். மூன்றாவதை நீங்கள் கொஞ்சம் மென்மையாகச் சொல்லலாம்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு என் ஆசி. இரண்டிலும் சேராமல் நடுவில் ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு இப்போதைக்கு எதுவும் இல்லை. அக்காவைக் கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். அந்த விஷயத்தில் என் அனுபவத்தை நம்பலாம்.

இப்படிக்கு,
மரியாதை குறையாத, ஆனால் வளைந்துகொடுக்காத,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், ஸ்டீயரிங்கின் மேல் வைத்து எழுதுகிறேன். கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, கார் எப்படிக் காய்ந்து பளபளவென்று நிற்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு முறை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவதாகத் திட்டம். உங்கள் தெருவுக்குள் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இப்போது உங்கள் கேட்டுக்கு நேர் எதிரில் நிற்கிறேன். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்துவிட்டது. எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரியவில்லை, வெளியே போகவில்லை என்பது மட்டும் தெரிகிறது. எஞ்சின் நின்றுவிட்டது. கதவுகள் பூட்டிக்கொண்டன. கையால் திறக்க ஒரு கம்பி இருக்கிறது என்று ஃபியூஸ் அண்ணன் சொன்னார். அந்த இடத்தையும் அடைத்துவிட்டேன் போலிருக்கிறது. போன் டிக்கியில் பைக்குள் இருக்கிறது. ஜன்னல் ஒரு விரல் அளவு இறங்கி நின்றுவிட்டது.

அவள் உங்கள் சமையலறை ஜன்னலில் நின்றாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். ஜம்பம் காட்ட வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள் போல, திரையை இழுத்துவிட்டாள்.

நல்லவேளையாகத் தபால்காரர் வந்தார். உள்ளே போய்ச் சொல்லுங்கள் என்று விரல் அளவு சந்தில் கெஞ்சினேன். "குடும்பத் தகராறுல வாயால சொல்றதெல்லாம் என் வேலை இல்ல சார். எழுதிக் குடுங்க, கொண்டுபோறேன்" என்று மழைக்கோட்டோடு நிற்கிறார். அவருக்கு இன்னும் பாதித் தெரு பாக்கி இருக்கிறதாம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். மேலே எழுதிய ஒன்று, இரண்டு, மூன்று எதையும் படிக்க வேண்டாம். அவள் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். கண்ணாடியை உடைத்துத்தான் என்னை வெளியே எடுக்க முடியும். நீங்கள் கடப்பாரையோடு ஓடிவருவீர்கள், இந்த நாளுக்காகத்தான் காத்திருந்திருப்பீர்கள் என்றும் தெரியும். தயவுசெய்து நீங்கள் வர வேண்டாம். கடப்பாரையை அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள். எந்தக் கண்ணாடி பிடிக்கிறதோ அதை உடைக்கட்டும்; ஒன்று போதாதென்று தோன்றினால் எல்லாவற்றையும் உடைக்கட்டும். எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.